ஒரே படம், இரண்டு மலை

1964 ஏப்ரலில் திறந்த நியூயார்க் உலகக் கண்காட்சியில், பேசுகிறவரின் முகத்தையும் காட்டும் தொலைபேசி ஒன்றை ஏடி அண்ட் டி நிறுவனம் மக்கள் பார்வைக்கு வைத்தது. அதற்குப் பிக்சர்போன் என்று பெயர். அதே ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அது பங்கு வைத்தது. மீதம் நின்ற 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியையும் அங்கே போகும் ரயில் பாதையையும் கொண்டுபோனது.

இந்த மூன்றையும் சேர்த்து நினைக்காமல் நீலகிரியில் வீடியோ கால் பற்றிப் பேச முடியாது. ஒப்பந்தப்படி வந்தவர்களைக் குடியமர்த்துவதற்காக 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தோட்டங்கள்தாம் பின்னால் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. கோத்தகிரி, குன்னூர், நடுவட்டம், பாண்டியார், சேரம்பாடி, சேரங்கோடு என்று அந்தத் தோட்டங்களின் தொழிலாளர் வரிசைகளான லைன் வீடுகளில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அக்கா இங்கே, தங்கை இலங்கையின் ஹட்டனில். மகன் இங்கே, தாய் தலவாக்கலையில். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த கப்பலும் 1984-இல் போரால் நின்றது. பிறகு கடிதம்தான். அதுவும் எழுதத் தெரிந்தவர் கிடைத்தால்.

அந்த ஆண்டுகளிலும் இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று உண்டு. இலங்கை வானொலி. கொழும்பிலிருந்து கிளம்பிய அலை ஹட்டனைத் தொட்ட நேரத்துக்கும், ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளிக் கோத்தகிரியைத் தொட்ட நேரத்துக்கும் வித்தியாசம் 2 மில்லிநொடிக்கும் குறைவு. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு ஒரு மில்லிநொடி. பாட்டின் ஒரே அடியை அக்காவும் தங்கையும் ஒரே கணத்தில் கேட்டிருப்பார்கள். கேட்டதைப் பற்றிப் பேசிக்கொள்ளத்தான் வழியில்லை.

இன்று நிலைமை தலைகீழ். பேச வழி இருக்கிறது, முகம் பார்க்க வழி இருக்கிறது. அந்த ஒரே கணம்தான் கைநழுவிப் போயிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் ‘சேர்ந்து பார்க்கும்’ வசதிகள் எல்லாம் அதைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகளே. அவற்றைப் பற்றி இந்த மலையில் மக்கள் சொல்லும் குறைகளைக் கவனமாகக் கேட்டால், பொறியாளர்கள் பல ஆண்டுகளாக முட்டிமோதும் அதே இடங்களை அவர்கள் தொட்டுக் காட்டுவது தெரியும்.

வசதிகள் வந்த வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்தது. நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது. இந்த இரண்டும் ஒரே பருவத்தில் வந்ததால்தான் லைன் வீடுகள் வரை முகம் பார்த்துப் பேசும் பழக்கம் இறங்கியது. 2018-இல் நான்கு பேர் கூடிப் பேசலாம் என்றானது, 2020 ஊரடங்கில் எட்டுப் பேர், இப்போது 32 பேர். ஆப்பிள் 2021 அக்டோபரில் ஷேர்பிளே என்ற பெயரில், பேசிக்கொண்டே ஒரே படத்தை இரு முனையிலும் ஓட்டும் வசதியைத் தந்தது. வாட்ஸ்அப்பில் நம் திரையை அடுத்தவருக்குக் காட்டும் வசதி 2023 ஆகஸ்டில் வந்தது. திரையோடு ஒலியும் போகும் என்றானது 2024 ஜூனில். அந்த ஒலி சேர்ந்த பிறகுதான் ‘படம் போட்டுப் பார்க்கலாமா’ என்ற பேச்சே வீடுகளில் எழுந்தது. முன்பு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து லைன் முழுக்க ஒரு வீட்டில் கூடிப் படம் பார்த்த தலைமுறைக்கு இந்த ஆசையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

சரி, அவர்கள் சொல்வது என்ன? முதல் குறை, பெரும்பாலும் பெண்களிடமிருந்து வருவது: “நான் பேசும்போது அவளும் பேசுறா. நான் நிறுத்துனா அவளும் நிறுத்திடுறா.” இதை அவர்கள் ஏதோ தங்கள் பேச்சுப் பழக்கத்தின் கோளாறு போலச் சொல்கிறார்கள். கோளாறு அவர்களிடம் இல்லை.

மனிதர்கள் முறைவைத்துப் பேசும் விதத்தை 2009-இல் தானியா ஸ்டிவர்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் பத்து மொழிகளில் அளந்தார்கள். ஜப்பானியம் முதல் டேனிஷ் வரை, மெக்சிகோவின் ட்செல்டால் முதல் லாவோஸ் மொழி வரை, ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 200 மில்லிநொடிதான். மொழிக்கு மொழி சிறு ஏற்ற இறக்கம் இருந்தாலும் எல்லாமே அந்த எண்ணைச் சுற்றியே நின்றன. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் குழாயடியில் இரண்டு பேர் பேசுவதைக் கேட்டால் நாமும் வேறுபட்டவர்கள் இல்லை என்று தோன்றும். இதில் வியப்பு என்னவென்றால், ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு 600 மில்லிநொடி வேண்டும். அப்படியானால் எதிராளி முடிப்பதற்கு முன்பே, எங்கே முடிப்பார் என்று கணித்து நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

அந்தக் கணிப்பில்தான் வீடியோ கால் மண்ணைப் போடுகிறது. குரல் போய்ச்சேர 300 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கா கேள்வியை முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். தங்கைக்கு அது 300 கழித்துக் கேட்கிறது, அவர் இயல்பாக 200-இல் பதில் தொடங்குகிறார், அந்தப் பதில் வந்துசேர இன்னொரு 300. அக்காவின் காதுக்கு இது 800 மில்லிநொடி மௌனம். நான்கு மடங்கு நீண்ட மௌனத்தை நம் மூளை ‘யோசிக்கிறாள்’, ‘வருத்தமாக இருக்கிறாள்’, ‘கேட்கவில்லை’ என்றுதான் படிக்கும். உடனே மறுபடி கேட்கிறார். அதே கணம் தங்கையின் பதிலும் வந்து விழுகிறது. இருவரும் மோதுகிறார்கள், இருவரும் நிறுத்துகிறார்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலானோருக்கு உறுத்தாது, 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. உறவுக்குள் எழும் சில மனத்தாங்கல்களுக்கு இந்த எண்களும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தூரத்தினால் இந்தத் தாமதம் வருகிறது என்று நினைத்தால் தவறு. கோத்தகிரியிலிருந்து ஹட்டனுக்கு நேர்கோட்டில் சுமார் 650 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நேர்வழி இருந்தால் 4 மில்லிநொடிகூடப் பிடிக்காது. கேபிள் எங்கெங்கோ சுற்றிப் பத்து மடங்கு நீண்டாலும் 35-க்குள் முடிந்துவிடும். மீதி எல்லாம் வழியில் நின்று நின்று போவதால் கூடுகிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா ஒரு படத்துக்கே 33 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. அதைச் சுருக்க ஒரு நேரம், டவர் நம் போனுக்கு முறை கொடுக்க ஒரு நேரம், அந்தப் பக்கம் விரிக்க ஒரு நேரம், திரையில் ஏற்ற ஒரு நேரம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தாமதம் ஒன்றை மென்பொருளே வேண்டுமென்று சேர்க்கிறது. இணையத்தில் குரல் தொடர்ச்சியாகப் போவதில்லை; 20 மில்லிநொடிக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்களாகப் போகிறது. எல்லாம் சீராகப் புறப்பட்டாலும் முன்னும் பின்னுமாகத்தான் வந்து சேரும். மாலையில் இலை எடைபோடும் இடத்தில் லாரி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் கிளம்பினால் மேட்டுக் காட்டிலிருந்து வருகிறவர்களின் இலை விட்டுப்போகும்; எல்லாரும் வரட்டும் என்று நின்றால் ஏற்றிய இலை வாடும். வந்த பொட்டலங்களைச் சற்றுப் பிடித்துவைத்து வரிசைப்படுத்தி ஒலிக்கவிடும் அந்தக் காத்திருப்புப் பகுதிக்கும் இதே இக்கட்டு. வலையமைப்பு எவ்வளவு தடுமாறுகிறதோ அவ்வளவு அதிகமாக அது காத்திருக்கும். ஆகவே சிக்னல் ஊசலாடும் வீட்டில், குரல் தெளிவாகக் கேட்கும்போதுகூட அது பழைய குரலாக இருக்கும்.

நீலகிரியில் சிக்னல் ஏன் இவ்வளவு ஊசலாடுகிறது? “மூடுபனி இறங்குனா டவர் போயிடுது” என்பது இங்கே எல்லாரும் சொல்வது. அனுபவம் உண்மை, பழி மட்டும் பனிமேல் விழக் கூடாது. 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 13 சென்டிமீட்டர். பனித்துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். போனுக்கும் டவருக்கும் இடையே போகும் அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. பனியோடு சேர்ந்து வரும் காற்றும் மழையும் மரத்தைச் சாய்க்கின்றன, மின்சாரம் போகிறது, டவரின் பேட்டரி தீர்கிறது. கண்ணாடி இழை எட்டாத டவர்கள் வட்டக் கிண்ணம் போன்ற ஆன்டெனாக்களால் ஒன்றோடொன்று பேசுகின்றன. அந்த இணைப்புகள் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைப் பயன்படுத்தினால் கனமழை அவற்றை நன்றாகவே விழுங்கும்.

மலை முகடுதான் நிரந்தரத் தடை. அலையின் நீளம் கூடக்கூட அது முகட்டைத் தாண்டி வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். நீளம் குறைந்த அலை நிழலை விட்டுவிட்டு மேலேயே போய்விடும். ஊட்டியை அடுத்த முத்தோரையில் 1970-இல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டிய 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி, இதே மலையின் ஒரு சரிவை அதன் சாய்வுக்காகவே தேடிப் பிடித்து அமைந்தது. ஊட்டியின் அட்சரேகையும் அந்தச் சரிவின் சாய்வும் 11 டிகிரி என்று பொருந்தியதால் வானத்துப் பொருள்களை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. பல கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வரும் அலை அங்கே இறங்குகிறது. ஒரு முகடு தள்ளியிருக்கும் டவரின் அலை பள்ளத்து லைனுக்கு இறங்குவதில்லை. அந்த நிழலின் விளிம்பில் இருக்கும் வீட்டில் போன் ஒரு அலைவரிசையை விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் பொட்டலங்கள் தடுமாறும், காத்திருப்பு நீளும். 5ஜி-யின் 3300 மெகாஹெர்ட்ஸ் வரிசை இன்னும் குறைந்த நீளமுள்ளது. அதனால் பள்ளத்து வீடுகள் சிலவற்றில் போனை 4ஜி-யிலேயே நிறுத்திவைத்தால் பேச்சு சீராக ஓடுகிறது.

“படம் மங்குனா பரவாயில்ல, பேச்சு அறுந்துடக் கூடாது” என்று பெரியவர்கள் சொல்வதும் இதை ஒட்டித்தான். விளம்பரங்கள் எப்போதும் படத்தின் துல்லியத்தை விற்கின்றன. இந்த மலைக்குத் தேவையானது வேறு வரிசை: முதலில் தாமதமில்லாத குரல், பிறகு அறுபடாத குரல், கடைசியாகப் படம். நல்லவேளையாக இன்றைய செயலிகள் நெருக்கடி வரும்போது படத்தை முதலில் குறைக்கின்றன. 2024-இல் மெட்டா நிறுவனம் எம்லோ என்ற ஒலிச் சுருக்க முறையை அறிவித்தது. நொடிக்கு 6 கிலோபிட் அளவுக்குக் குறைந்த வழியிலும், பழைய போன்களிலும், 2012 முதல் புழங்கும் ஓபஸ் முறையைவிடத் தெளிவாகக் குரலைத் தருவதே அதன் நோக்கம். திரையைப் பெரிதாக்கும் பத்து அறிவிப்புகளைவிட எனக்கு இந்த ஒன்று முக்கியமாகப் படுகிறது.

படம் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டால் இது விளங்கும். அகலம் 640, உயரம் 480 புள்ளி கொண்ட சாதாரணப் படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 வீதம் அனுப்பினால் நொடிக்கு 110 மெகாபிட் வேண்டும். நடப்பில் அரை மெகாபிட்டில் ஒப்பேற்றுகிறோம். இருநூறு மடங்குக்கு மேல் சுருக்கம். இதன் அடிப்படைக் கணிதத்தை 1974 ஜனவரியில் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, தி.நடராஜன், கே.ஆர்.ராவ். அகமது பெங்களூரில் பிறந்தவர். இந்த யோசனைக்காக 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அவர் கேட்ட நிதி மறுக்கப்பட்டது. அவர் விடாமல் செய்தார். படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மெல்ல மாறும் அலை, வேகமாக மாறும் அலை என்று பிரித்து, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத வேகமான அலைகளைத் தள்ளிவிடுவதுதான் அந்த உத்தி. இன்று உலகில் புகைப்படம், வீடியோ என்று பகிரப்படுவதில் பெரும்பகுதி அந்தக் கணிதத்தின் வழிவந்தது. 2021-இல் ‘திஸ் ஈஸ் அஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அவர் கதையை ஓர் அத்தியாயத்தில் சொன்னது. ஊரடங்குக் காலத்தில் பிரிந்திருந்த குடும்பங்களைச் சேர்த்துவைத்த மனிதர் என்று அவரைக் காட்டியது. அந்தப் பெருமை முழுக்க அவருக்குத் தகும். நம் பள்ளிப் பாடங்களில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

அடுத்த உத்தி, முந்தைய படத்திலிருந்து மாறிய இடத்தை மட்டும் அனுப்புவது. சுவர் மாறுவதில்லை, உதடும் கண்ணும் மாறும். இங்கேதான் மலையில் ஒரு சிக்கல். தேயிலைக் காட்டைப் பின்னால் வைத்துப் பேசினால் அழகாக இருக்கும் என்று வாசலுக்கு வந்து நிற்கிறோம். காற்றில் ஆடும் ஆயிரக்கணக்கான சிறு இலைகள் ஒவ்வொரு படத்திலும் மாறுகின்றன. எதையும் கணிக்க முடியாமல் சுருக்கும் மென்பொருள் திணறுகிறது, கிடைக்கும் பிட்டையெல்லாம் இலைகளுக்குச் செலவழித்துவிட்டு முகத்தைக் கட்டம் கட்டமாக்கிவிடுகிறது. மங்கலான விளக்கிலும் இதே கதிதான். வெளிச்சம் போதாத கேமரா புள்ளி புள்ளியாக இரைச்சலைச் சேர்க்கும், அந்த இரைச்சலும் படத்துக்குப் படம் மாறும். வெறும் சுவரை ஒட்டி, சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் அதே சிக்னலில் முகம் தெளியும்.

இனி சேர்ந்து படம் பார்ப்பது. இதற்கு இரண்டு வழிகள். நம் போனில் ஓடும் படத்தை அப்படியே படம்பிடித்து அனுப்புவது ஒன்று. எளிது, எதிர்முனையில் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே சுருக்கிய படத்தை மீண்டும் சுருக்கி, பலவீனமான நம் மேலேற்று வழியில் தள்ளுகிறோம். சண்டைக் காட்சி வந்தால் எல்லாமே மாறும் இலைதான். “அவங்க பக்கம் திக்கித் திக்கி ஓடுது” என்பது அதனால். கட்டணத் தளங்களின் படத்தைப் பகிர்ந்தால் எதிர்முனையில் கறுப்புத் திரை வருவதையும் பலர் போன் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிப்போகிறார்கள். பழுது இல்லை. பூட்டிய படத்தை அவிழ்க்கும் வேலை போனுக்குள் பாதுகாக்கப்பட்ட தனிப் பகுதியில் நடக்கிறது. திரையைப் படம்பிடிக்கும் எந்தச் செயலிக்கும் அந்தப் பகுதி திறக்காது. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு, ஹட்டனில் இருக்கும் தங்கையையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது வழி, இரு முனையிலும் அவரவர் பிரதியை ஓடவிட்டு, ‘ஓடு’, ‘நில்’, ‘இந்த இடத்துக்குத் தாவு’ என்ற கட்டளைகளை மட்டும் அனுப்புவது. ஷேர்பிளே இப்படித்தான். படத்தின் தரம் குறையாது, போகிற தகவலும் மிகச் சிறிது. இங்கே சிக்கல் கடிகாரம். இந்தியாவும் இலங்கையும் 2006 ஏப்ரல் முதல் ஒரே மணியைத்தான் காட்டுகின்றன என்றாலும், இரண்டு போன்களின் கடிகாரங்கள் நொடியின் சிறு பங்கு அளவுக்கு விலகியிருக்கும்.

வசதி ஏதும் இல்லாத வீடுகளில் மக்கள் இதற்குத் தாங்களே வழி கண்டிருக்கிறார்கள். போனில் “ஒண்ணு, ரெண்டு, மூணு, போடு” என்று சொல்லி இருவரும் அமுக்குவது. சொன்னவர் உடனே அமுக்குகிறார். குரல் போக 300 மில்லிநொடி என்றால் கேட்டவரின் படம் அவ்வளவு பின்தங்கித் தொடங்கும். அந்தப் பின்தங்கிய இடத்தில் அவர் சிரிக்கும் சிரிப்பு திரும்பி வர இன்னொரு 300. எண்ணியவருக்கு, தான் சிரிக்கத் தொடங்கி 600 மில்லிநொடி கழித்து அடுத்தவர் சிரிப்பது போலிருக்கும். கேட்டவருக்கோ இரண்டு சிரிப்பும் ஒன்றாகவே விழும். ஒரே படத்தைப் பார்த்த இருவரில் ஒருவர் ‘நல்லா இருந்துச்சு’ என்றும் மற்றவர் ‘ஒட்டலையே’ என்றும் சொல்வதன் காரணம் இதுதான். எண்ணுகிறவர் ‘போடு’ என்று சொல்லிவிட்டுக் கண்ணிமைக்கும் நேரம் தாமதித்து அமுக்கினால் இரு படமும் பொருந்தும், குறையை இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். கணினிகள் செய்வதும் அதேதான். ஒரு செய்தியை அனுப்பி, பதில் வந்துசேர ஆன மொத்த நேரத்தை அளந்து, அதில் பாதியைப் போகும் நேரம் என்று கொண்டு கடிகாரத்தைத் திருத்துகின்றன. டேவிட் மில்ஸ் 1985-இல் வடிவம் கொடுத்த இணைய நேர ஒழுங்கும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு மெதுவாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். போனில் மேலேற்றம் கீழிறக்கத்தைவிட மெதுவாக இருக்கும்போது அதில் சிறு பிசகு தங்கிவிடும்.

நேரலைக் கிரிக்கெட்டில் இளைஞர்கள் படும் பாடு இன்னும் மோசம். இணைய நேரலை, வீடியோ கால் போல ஓடுவதில்லை. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த முறைப்படி, ஆட்டத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி வைக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு துண்டு 10 நொடி, பின்னர் 6 நொடி. நம் போன் மூன்று துண்டாவது கையில் இருந்தால்தான் ஓட்டத் தொடங்கும். ஆக மைதானத்தில் நடந்து 20, 30 நொடி கழிந்துதான் நாம் பார்க்கிறோம், அதுவும் ஆளுக்கு ஆள் வேறு அளவில். குரலோ கால் நொடியில் பாய்ந்து வருகிறது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் “அவுட்!” என்று கத்தும்போது குன்னூரில் தம்பியின் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடவே தொடங்கியிருக்க மாட்டார். முந்தியிருப்பவரின் ஓட்டத்தை நிறுத்திப் பிந்தியவருக்காகக் காக்கவைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை. சேர்ந்து பார்க்கும் வசதி அதைத் தானே செய்கிறது.

ஒலி இன்னொரு தொல்லை. படம் டிவியில் ஓடுகிறது, பேச்சு போனில். டிவியின் ஒலியை அந்தப் போனின் மைக் பிடித்து எதிர்முனைக்கு அனுப்ப, அங்கே எல்லா வசனமும் இரண்டு முறை கேட்கிறது. தன் ஒலிபெருக்கியிலிருந்து வந்ததைப் போன் அறியும், கழித்துவிடும். டிவியிலிருந்து வருவது அதற்குத் தெரியாது. வெறும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கப் பார்க்கும். அப்படி அமுக்கும்போது, பேச்சைப் போலில்லாத ஒலி என்று சிரிப்பையும் சேர்த்து நசுக்கிவிடுவதுண்டு. எதற்காகச் சேர்ந்து உட்கார்ந்தோமோ அதுவே போய்விடுகிறது. காதில் ஹெட்போன் மாட்டினால் தீரும். வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கையில் ஹெட்போன் யாருக்கு?

சிரிப்பை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போதைவிட மற்றவரோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிப்பதாக ஆய்வாளர் ராபர்ட் புரோவைன் கண்டார். ராபின் டன்பரின் ஆய்வுக் குழு நகைச்சுவைக் காட்சிகளைக் கூட்டமாகப் பார்த்துச் சிரித்தவர்களைச் சோதித்தபோது, அவர்களின் வலிதாங்கும் அளவு சிரிப்புக்குப் பின் உயர்ந்திருந்தது; உடலில் எண்டார்பின் சுரப்பதன் அடையாளம் அது என்று அவர்கள் கருதுகிறார்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று இலை பறித்த முதுகுக்கு இது சிறிய பயன் இல்லை.

பெரியவர்கள் சொல்லும் இன்னொரு கருத்து என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. “என் மூஞ்சிய நானே பாத்துக்கிட்டு எப்படிம்மா பேசுறது?” 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலருக்கு விற்பனைக்கு வந்த பிக்சர்போன் படுத்துப்போனதற்கு விலை ஒரு காரணம், எந்நேரமும் அடுத்தவர் பார்வையில் இருக்க மக்கள் விரும்பாதது இன்னொரு காரணம். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் வீடியோ கால் சோர்வுக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். மிக அருகில் விடாமல் முறைத்துக்கொண்டிருக்கும் முகங்கள், ஓயாமல் தன் முகத்தையே பார்ப்பது, சட்டத்துக்குள் அசையாமல் உட்கார்வது, சைகைகளை அனுப்பவும் படிக்கவும் மூளை எடுக்கும் கூடுதல் உழைப்பு. இவற்றில் இரண்டாவதை லைன் வீட்டுப் பாட்டிமார் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள்.

சேர்ந்து படம் பார்ப்பதில் இந்தச் சோர்வு குறையும் என்பது என் கணிப்பு. கண் படத்தில் இருக்கிறது. யாரும் யாரையும் முறைப்பதில்லை. ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும் எதிரெதிராக உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களா? பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேறெதையோ பார்ப்பார்கள், நடுவில் ஒரு வார்த்தை விழும். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத துணை அது. ஐம்பது ஆண்டு பிரிந்திருந்தவர்களுக்குப் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. படம் ஓடினால் தீர்வதில்லை.

துக்கவீட்டை வீடியோவில் பார்ப்பது குறித்து மட்டும் மலையில் ஒருமித்த கருத்து இல்லை. பாஸ்போர்ட்டும் விசாவும் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் போனில் காட்டச் சொல்கிறவர்கள் உண்டு. அதைப் பார்க்கவே மாட்டேன் என்று போனைத் திருப்பி வைக்கிறவர்களும் உண்டு. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்தப் பொறியாளரும் தீர்த்துவைக்கக்கூடிய விஷயம் இல்லை அது.

செலவுக் கணக்கு ஒன்று மிச்சம். அரை மெகாபிட் வீடியோ கால் ஒரு மணி நேரத்தில் ஒரு வழிக்கு 225 எம்பி, போக்கும் வரத்தும் சேர்த்து 450 எம்பி. மூன்று மணி நேரப் படத்தை அப்படிப் பார்த்தால் 1350 எம்பி; தினம் ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் பெரும்பகுதி அந்த ஒரு படத்திலேயே தீர்ந்துவிடும். அதற்குப் பதில் படத்தை இரு வீட்டிலும் சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் முன்பே இறக்கிவைத்துக்கொண்டு, பார்க்கும்போது கட்டளையும் குரலும் மட்டும் போகட்டும். நொடிக்கு 24 கிலோபிட் குரல், பொட்டலங்களின் முகவரிச் சுமை 16 கிலோபிட் என்று வைத்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு வழிக்கு 54 எம்பி, இரு வழிக்கும் 108 எம்பி. பள்ளத்து லைனில் ஒற்றைக் கோடு சிக்னலிலும் இது ஓடும். முகம் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் இடைவேளையில் பத்து நிமிடம் கேமராவைத் திறந்தால் போதும். அதற்கு இன்னொரு 75 எம்பி.